அடித்துணியின் நான்காம் பக்கம்

இரண்டாயிரத்து இருபத்து நான்காம் ஆண்டு, சிறுபோக நெல்லை வெட்டி முடித்த ஆவணி மாதத்திலேதான் சிவதர்சினி இரஞ்சிதத்தை முதன்முதலாகச் சந்தித்தாள். வயல்களில் அரிதாள் மட்டும் நின்றது. பரந்தன் சந்தியில் பேருந்தை விட்டிறங்கிக் கிழக்கே நடந்தவளின் கண்ணிலும் வாயிலும் சோளகக் காற்றுப் புழுதியை அள்ளிப் போட்டது. ஒரு காலத்தில் நெல் ஆலையாக இருந்த தகரக் கொட்டகைக்குள் பதினொரு தையல் இயந்திரங்கள் ஒன்றையொன்று முந்த முயல்வனபோல இரைந்துகொண்டிருந்தன.

சிவதர்சினி கிளிநொச்சியில் உள்ள ஒரு வங்கிக் கிளையின் கடன் உத்தியோகத்தர், மல்லாவிக்காரி, வயது இருபத்தேழு. கடன் கேட்பவர் சொல்லும் தொழில் உண்மையிலேயே நடக்கிறதா என்று நேரிற் பார்த்து அறிக்கை எழுதுவது அவளுடைய வேலை. எழுதிய அறிக்கையை மூன்று முறை வாசிப்பதும், அனுப்பிய பின்னர் மனத்துக்குள் நான்காம் முறை வாசிப்பதும் அவளுடைய இயல்பு.

இயந்திரங்களின் நடுவிலிருந்து எழுந்து வந்த பெண்மணிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் அளவுநாடா தொங்கியது. அவர் வந்தவளின் முகத்தைப் பார்க்கவில்லை. தோளிற் கிடந்த நீலப் பையைப் பார்த்தார்.

"மிஸ், உந்தப் பை எங்கை வாங்கினது?"

"கிளிநொச்சிச் சந்தையிலை. கம்பசுக்குப் போகேக்கை அம்மா வாங்கித் தந்தவா."

"அடியிலை கையை விட்டுப் பாருங்கோ."

"பாக்கத் தேவையில்லை. அடையாள அட்டை அங்கைதான் கிடக்கு."

இரஞ்சிதம் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப எங்கடை பைதான்! இராசக்கா, பாத்தியளே, நீங்கள் தைச்ச பை வங்கியிலை வேலை எடுத்திட்டுது."

மூலையில் இருந்த இராசேஸ்வரி என்ற மெலிந்த மனுசி தலையை நிமிர்த்தாமலே, "வேலை எடுத்தது பையில்லை, பிள்ளை" என்றார்.

அந்தக் கொட்டகையில் தைக்கப்பட்ட எல்லாப் பைகளுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. பையின் அடியில் இரண்டு துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மூன்று பக்கங்களைத் தைத்துவிடுவார்கள். நான்காம் பக்கத்தில் ஒரு கை நுழையும் அளவுக்குத் தைக்காமல் விட்டு, அதன்மேல் ஒரு மடிப்பைப் போட்டு மறைத்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அங்கே உட்பை ஒன்று இருப்பது தெரியாது. பையின் சொந்தக்காரரின் விரல்களுக்கு மட்டுமே அது தெரியும்.

அது வந்த கதையையும் இரஞ்சிதம் அன்றைக்கே சொன்னார். அவருடைய பெற்றோர் வடமராட்சியிலிருந்து வந்து இரணைமடு வாய்க்காற் காணியிற் குடியேறியவர்கள். அவர் மணந்த பாலன், இதே ஆலையிலிருந்து அரிசி மூடைகளை ஏற்றிச் சென்ற லொறியின் சாரதி. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மாசி மாதத்தில், ஒரு பதுங்குகுழியின் வாசலிலே பாலன் இறந்தார். இரண்டு மாதங்களின் பின்னர் இரஞ்சிதம் செட்டிகுளத்து முகாமிலே ஒரு கூடாரத்துக்குள் இருந்தார். நாற்பது கூடாரங்களுக்கு ஒன்று என்று ஒரு நிறுவனம் தையல் இயந்திரம் கொடுத்தது. அவர் முதன்முதலாகத் தைத்தது உடுப்பன்று; நிவாரணத் தறப்பாளைக் கிழித்து, அடியில் உட்பை வைத்த ஒரு பை.

"அங்கை உடுப்புக் கிழிஞ்சா ஒருத்தரும் கேக்கேல்லை, மிஸ். கடதாசித் துண்டு இல்லையெண்டாத்தான் கேட்டவங்கள். குடும்ப அட்டை, பிறப்புப் பத்திரம், இவரின்ரை மரணப் பத்திரம், எல்லாம் அதுக்குள்ளைதான் வைச்சனான். அந்தப் பையைத் தலைக்குக் கீழை வைச்சுத்தான் படுத்தனான்."

சிவதர்சினி தலையாட்டினாள். அந்த முகாமில் அவளும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக இருந்தவள்தான். அதை அவள் அறிக்கையில் எழுதவில்லை.

இரஞ்சிதம் கடன் கேட்டது ஒரு புதிய திட்டத்தின் கீழ். படைகளுக்கு உடை, உணவு, பை, கூடாரம் முதலியவற்றை வழங்கும் பெரிய ஒப்பந்தக்காரர்களும், அவர்களுக்காகக் கீழ்மட்டத்திற் பொருள் செய்து கொடுக்கும் சிறிய வழங்குநர்களும், கையில் உள்ள கொள்வனவுக் கட்டளையைக் காட்டியே வங்கியிற் கடன் பெறலாம்; வட்டியிற் பெரும்பகுதியை அரசு ஏற்கும். திட்டத்தை அறிவித்து அரசு அனுப்பிய சுற்றுநிருபம் அப்படித்தான் தொடங்கியது. கொழும்புக் கம்பனி ஒன்று படைக்கு வழங்க வேண்டிய பயணப்பைகளில் ஆயிரத்து இருநூறை இரஞ்சிதத்திடம் ஒப்படைத்திருந்தது. கன்வஸ் துணியும் இழுபூட்டும் வாங்க அவரிடம் முதல் இல்லை. வங்கியிடம் முதல் இருந்தது.

சுற்றுநிருபத்தின் பின்பக்கங்களைச் சிவதர்சினி வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தாள். கடன் கொடுத்த நாளிலிருந்து தொண்ணூறு நாள்களுக்குள் பொருள் ஏற்கப்பட்டதாகச் சான்றிதழ் கிடைத்தால் மட்டுமே அரசு வட்டியை ஏற்கும். சான்றிதழ் கிடைத்த பத்தாம் நாள் பெரிய ஒப்பந்தக்காரருக்குப் பணம் போகும். கீழே இருப்பவருக்கு அந்த ஒப்பந்தக்காரர் நூற்றிருபது நாள்களுக்குள் கொடுத்தாற் போதும். பொருள் நிராகரிக்கப்பட்டாலோ, கடன் முழுவதையும் உடனே கட்ட வேண்டும். கட்டத் தவறினால், ஈடாக எழுதப்பட்ட பதினொரு இயந்திரங்களையும் வங்கி எடுத்துக்கொள்ளும். அப்படி நடந்தால் அந்தக் கொட்டகை மீண்டும் வெறும் தகரக் கொட்டகை ஆகிவிடும். பதினொரு பெண்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இவற்றையெல்லாம் அவள் இரஞ்சிதத்துக்கு வரிவரியாகச் சொன்னாள்.

"மேலை நிக்கிறவருக்குப் பத்து நாள், எனக்கு நூற்றிருபதோ?" என்றார் இரஞ்சிதம். "சரி, பறவாயில்லை. வேலை வருகுதெல்லே. எழுதுங்கோ, மிஸ்."

சிவதர்சினி எழுதினாள். புரட்டாதி இருபதாம் திகதி கடன் வழங்கப்பட்டது. கணக்குப்படி மார்கழி பத்தொன்பதாந் திகதி தொண்ணூறாம் நாள். அந்தத் திகதியைத் தன் மேசை நாட்காட்டியிற் சிவப்பு மையால் வட்டமிட்டாள். பின்னர் அந்த வட்டம் மற்றவர்களின் கண்ணிற் படுமே என்று அதன்மேல் ஒரு சிறு கடதாசியை ஒட்டினாள்.

ஊரிற் கதை பரவத் தாமதமாகவில்லை. சந்தியில் தேநீர்க்கடை வைத்திருந்த பொன்னையா, சைக்கிளைக் கொட்டகை வாசலில் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "என்ன ரஞ்சிதம், ஆமிக்கே தைக்கத் தொடங்கியாச்சோ?"

"ஓமண்ணை. உங்கடை கடையிலை அவங்கள் தேத்தண்ணி குடிக்கிறாங்கள். என்ரை பையிலை உடுப்பு வைக்கப்போறாங்கள். நீங்கள் முதல் கடையைப் பூட்டுங்கோ. நான் பின்னாலை பூட்டுறன்."

உள்ளே துணி வெட்டிக்கொண்டிருந்த றஸ்மியா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். முல்லைத்தீவில் பிறந்து, கைக்குழந்தையாக இடம்பெயர்ந்து, புத்தளத்தில் வளர்ந்து, மறுபடியும் ஊர் திரும்பியவள் அவள். சிங்களம் சரளமாகப் பேசுவாள். வாசிப்பதென்றால் எழுத்துக் கூட்ட வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. கம்பனி கொடுத்த விவரக்குறிப்பு பதினான்கு பக்கம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. றஸ்மியா இரண்டு பக்கங்களை வாசித்துக் களைத்துப்போனாள். "அக்கா, இதிலை நூலின்ரை நிறத்துக்கே ஒரு பக்கம் எழுதியிருக்கிறாங்கள்" என்றாள். ஆகவே, அவர்கள் எப்போதும் செய்வதுபோலவே மாதிரிப் பையைப் பார்த்துத் தைக்க முடிவு செய்தார்கள். அந்த மாதிரியை இரஞ்சிதமே கொழும்புக்குச் சென்று, மேற்பார்வையாளரின் கண்முன்னே இருந்து, சொன்னபடி நான்கு பக்கங்களையும் மூடித் தைத்துக் கொடுத்திருந்தார். ஆனால், ஏற்கப்பட்ட மாதிரியைக் கம்பனி ஒளி ஊடுருவும் உறையிலிட்டு, ஈய முத்திரை வைத்துத் திருப்பி அனுப்பியிருந்தது. முத்திரையை உடைக்கக் கூடாது. கொட்டகையின் கூரை வளைமரத்தில் அது வெற்றிச் சின்னம்போலத் தொங்கியது. அதன் வெளிப்புறத்தை எல்லோரும் பார்க்கலாம். உள்ளே கைவிட ஒருவராலும் முடியாது.

அடித்துணி தைப்பது இராசேஸ்வரியின் வேலை. பதினைந்து ஆண்டுகளாக அவருடைய விரல்கள் மூன்று பக்கம் ஓடி, நான்காம் பக்கத்தில் ஒரு கையகலம் விட்டுப் பழகியவை. அவரிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று இரஞ்சிதத்துக்கும் தோன்றவில்லை; கொழும்பில் ஒரு பையை மூடித் தைத்தது கொட்டகைக்குத் திரும்பியதும் அவருக்கு மறந்துபோயிருந்தது. உட்பை இல்லாத ஒரு பையை அந்தக் கொட்டகையில் ஒருவரும் எண்ணிப் பார்த்ததே இல்லை.

ஐப்பசி முழுவதும் மழை பெய்தது. கார்த்திகை நடுப்பகுதியில் சிவதர்சினி பொருளைப் பார்வையிட வந்தாள். லொறியில் ஏற்றுமுன் வங்கி உத்தியோகத்தர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. தகரத்தில் மழை விழும் ஓசையில் எவர் பேசியதும் எவருக்கும் கேட்கவில்லை. அவள் குவியலிலிருந்து பத்துப் பைகளை எடுத்தாள். இழுபூட்டை இழுத்துப் பார்த்தாள். பிடியைத் தூக்கிப் பார்த்தாள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணினாள். ஒவ்வொன்றின் உள்ளேயும் கைவிட்டு அடிவரை தடவினாள். விரல்கள் மடிப்புக்குள் நுழைந்தன, வெளியே வந்தன. தன்னுடைய பைக்குள் நாள்தோறும் நுழைந்து வருவதுபோலவே நுழைந்து வந்தன. இரஞ்சிதம் அருகிலே நின்றார். 'பொருள்கள் விவரக்குறிப்புக்கு அமைவாக உள்ளன' என்ற வரியின் கீழே சிவதர்சினி கையொப்பமிட்டாள்.

மார்கழி இரண்டாந் திகதி, காலை பத்து மணிக்கு இரஞ்சிதத்தின் அழைப்பு வந்தது.

"மிஸ், எல்லாப் பையையும் திருப்பி அனுப்பப் போறாங்களாம். அடியிலை களவாப் பொக்கற் வைச்சிருக்கிறம் எண்டு சொல்லுறாங்கள். ஏன் வைச்சது, ஆருக்கு வைச்சது எண்டு கேக்கிறாங்கள்."

 சிவதர்சினியின் இடக்கை, மேசைக்குக் கீழே, மடியிற் கிடந்த நீலப் பையின் அடியைத் தேடிச் சென்றது. விரல்கள் அடையாள அட்டையின் விளிம்பைத் தொட்டபோதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. பத்துப் பைகள். பத்து முறை. அவள் கை அதைத் தொட்டது, அவள் அறியவில்லை.

கிளிநொச்சித் தையற்கூடம் ஒன்றிலிருந்து படைக்குச் சென்ற பைகளில் மறைவான உட்பை. அந்த வாக்கியத்தை வேறொருவர் எப்படி வாசிப்பார் என்று அவள் எண்ணிப் பார்த்தாள்.

மறுநாள் வங்கி முகாமையாளர் இரஞ்சிதத்தை அழைத்தார். சிவதர்சினியின் அறிக்கை மேசைமேல் விரிந்து கிடந்தது. முகாமையாளர் கெட்டவரல்லர், ஆனால், ஓய்வுபெற எட்டு மாதங்கள் மட்டுமே இருந்தன.

"அமைவாக உள்ளன எண்டு எழுதிக் கிடக்கு. பிள்ளை பாக்கேக்கை இந்தப் பொக்கற் இருந்ததோ, இல்லையோ?"

சிவதர்சினி வாயைத் திறந்தாள். அவள் பேசுமுன்னரே இரஞ்சிதத்தின் குரல் கேட்டது.

"இல்லை, சேர். மிஸ் வரேக்கை அடித்துணி பொருத்தேல்லை. மழையாலை வேலை பிந்திப் போச்சு. மேலாலை பாத்திட்டுப் போனவா. பிறகுதான் அடி தைச்சது. பிழை எங்கடைதான்."

முகாமையாளர் பேனாவை மூடினார். சிவதர்சினி நிலத்தைப் பார்த்தாள். இரஞ்சிதம் அன்ரிக்கு நாள் மாறிப்போய்விட்டது, வேறொரு நாளை நினைத்துச் சொல்கிறார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்வது வசதியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. திருத்திச் சொல்வதற்கு நேரம் இருந்தது. அவள் திருத்தவில்லை.

கம்பனி பேசிப் பேசி ஒரு வழி கண்டது. பைகளைப் பரந்தனுக்கே திருப்பி அனுப்புவார்கள். படை அதிகாரி ஒருவர் வந்து, ஒவ்வோர் உட்பையும் வெறுமையாக இருக்கிறதா என்று தம் கண்முன்னே சோதிப்பிப்பார். ஏதாவது இருந்தால் விடயம் பொலிசுக்குப் போகும். ஒன்றும் இல்லாவிட்டால் நான்காம் பக்கத்தை மூடித் தைத்து மீண்டும் அனுப்பலாம். தொண்ணூறாம் நாளுக்கு இன்னும் பதினாறு நாள்கள் இருந்தன. லொறி வந்து சேர அவற்றில் ஏழு கழிந்தன.

பத்தாந் திகதி காலையில் கொட்டகையில் இயந்திரங்கள் ஓடவில்லை. ஆயிரத்து இருநூறு பைகளும் சுவர் நீளத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. வாசலில் படையின் வாகனம் வந்து நின்றபோது, இராசேஸ்வரி இரஞ்சிதத்தின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். சிவதர்சினி அருகில் நின்றாள்.

"ரஞ்சி, ஒண்டு சொல்லோணும். முதற்பையுக்கை நான்... நான் வழக்கமா வைக்கிறனான் எல்லே."

"என்னத்தை?"

"அம்மாளாச்சியின்ரை திருநூறு. வற்றாப்பளைக் கோயிலிலை வாங்கினது. பேப்பரிலை மடிச்சு."

புது வேலை தொடங்கும்போது முதலாவது பையின் அடியில் ஒரு சிட்டிகை திருநீறு வைப்பது இராசேஸ்வரியின் நேர்த்திக்கடன். வேலை நன்றாக முடிந்ததும் எடுத்துவிடுவார். இம்முறை எடுக்க மறந்துவிட்டார்.

"எந்தப் பை?" என்று கேட்டார் இரஞ்சிதம்.

இராசேஸ்வரி அடுக்கைப் பார்த்தார். எல்லாப் பைகளும் ஒரே பச்சை. அவர் அழத் தொடங்கினார்.

"அழாதேங்கோ, இராசக்கா. அவங்கள் பாக்கிறாங்கள்."

"இப்பவே சொல்லிவிடுவமோ, அன்ரி?" என்று சிவதர்சினி மூச்சுக்குள் கேட்டாள்.

"சொன்னா, வேறை என்ன வைச்சனியள் எண்டு கேப்பாங்கள். சொல்லாமல் விட்டா..." இரஞ்சிதம் முடிக்கவில்லை. "வழியிலை எங்கையும் கொட்டுப்பட்டிருக்கும். பாப்பம்."

கப்டன் இளைஞர். தமிழில் நான்கைந்து சொற்கள் தெரிந்திருந்தன. மீதிக்கு றஸ்மியா வேண்டியிருந்தது. ஒரு சிப்பாய் பையைத் திறந்து உட்பைக்குள் கைவிட்டுப் பார்த்து, 'இல்லை' என்று சொல்ல, மற்றொருவர் பதிவேட்டில் ஒரு கோடு கீறினார். ஒரு பைக்கு அரை நிமிடம். முதல் நூறு. இருநூறு. பெண்கள் சுவரோரம் நின்றார்கள். ஒருவரும் கதிரையில் இருக்கவில்லை. சிவதர்சினி ஒவ்வொரு கோட்டையும் மனத்துக்குள் எண்ணினாள்.   மதியம் தேநீர் கொடுத்தார்கள். கப்டன் குடித்தார். ஐந்நூறு. அறுநூறு. ஒருவேளை உண்மையிலேயே எங்காவது கொட்டுப்பட்டிருக்கலாம் என்று அவள் நம்பத் தொடங்கினாள்.

எழுநூற்று முப்பதைத் தாண்டிய ஒரு பையில் சிப்பாயின் கை உள்ளேயே நின்றுவிட்டது.

அவர் ஏதோ சொன்னார். கப்டன் எழுந்தார். மடித்த பத்திரிகைத் துண்டு ஒன்று, ஒரு விரலளவு தடிப்பில், சிப்பாயின் உள்ளங்கையில் இருந்தது. கப்டன் அதை மேசையில் வைத்துப் பேனா முனையால் விரித்தார். உள்ளே வெள்ளைப் பொடி.

 கப்டன் றஸ்மியாவைப் பார்த்து ஒரேயொரு கேள்வி கேட்டார். றஸ்மியா அதை மொழிபெயர்க்கவில்லை. திரும்பி, "இராசக்கா, இது நீங்கள் சொல்லுற அதுதானே? வேறை ஒண்டும் இல்லைத்தானே?" என்றாள். 

அப்போது இரஞ்சிதம் மேசையருகே போனார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சிப்பாய் ஓரடி முன்னே வந்தார். அதற்குள் இரஞ்சிதம் மூன்று விரல்களாற் பொடியைத் தொட்டு, கண்களை மூடி, நெற்றியில் இழுத்துப் பூசினார். விரல்களில் மிஞ்சியதை நாக்கில் இட்டுக்கொண்டார். பிறகு கண்களைத் திறந்து கப்டனுக்கு நேரே நின்றார். நெற்றியில் மூன்று வெள்ளைக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன.

றஸ்மியா சிங்களத்தில் வேகமாகப் பேசினாள். அதில், சிங்களவரும் போய் வணங்கும் கதிர்காமத்தின் பெயர் மட்டும் சிவதர்சினிக்கு விளங்கியது. கப்டன் பொடியைப் பார்த்தார். இரஞ்சிதத்தின் நெற்றியைப் பார்த்தார். அவருடைய முகம் இளகியதா இல்லையா என்று சிவதர்சினியாற் சொல்ல முடியவில்லை. அவர் பத்திரிகைத் துண்டை மீண்டும் கவனமாக மடித்தார். ஏன் இந்த உட்பை என்று முதன்முறையாகத் தமிழிலே கேட்டார்: "ஏன் இது?"

இரஞ்சிதம் தம்முடைய பையை எடுத்து வந்து, அதன் அடியிலிருந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். அடையாள அட்டை. முகாமிற் கொடுத்த, மூலைகள் தேய்ந்த குடும்ப அட்டை. பாலனின் மரணப் பத்திரம்.

"கேக்கிறவைக்குக் காட்டுறதுக்கு" என்றார்.

றஸ்மியா மொழிபெயர்த்தாள். கப்டன் அவற்றைத் தொடவில்லை. பதிவேடு எழுதியவரிடம் ஒரு வரியைச் சொல்லி எழுதச் செய்துவிட்டு, அடுத்த பையை எடுக்கும்படி கை காட்டினார். மாலைக்குள் ஆயிரத்து இருநூறும் முடிந்தன. வேறொன்றும் அகப்படவில்லை.

வாகனம் போன பின்னர் றஸ்மியா, பதிவேட்டின் பிரதியை எழுத்துக் கூட்டி வாசித்தாள்: "சாம்பல். சமயத் தேவைக்கானது. கடதாசிப் பொட்டலம் ஒன்று." பிறகு இராசேஸ்வரியின் தோளில் இடித்தாள். "இராசக்கா, உங்கடை அம்மாளாச்சி இனி ஆமியின்ரை கொப்பியிலை இருக்கிறா. வருசா வருசம் பென்சனும் வரும்."

"போடி" என்றார் இராசேஸ்வரி. சிரித்துக்கொண்டே அழுதார்.

தைத்து முடித்த பையின் அடியை மூடுவது இலகுவான வேலையன்று. பையை உட்புறம் வெளியாகப் புரட்டி, தடித்த கன்வஸை ஊசிக்குக் கீழே தள்ளிப் பிடிக்க வேண்டும். இருவர் பிடிக்க ஒருவர் தைத்தார். ஆறு நாள்கள் தைத்தார்கள். முதல் நாள் இராசேஸ்வரியின் விரல்கள் தம் பழக்கத்தில் மீண்டும் ஒரு கையகலம் விட்டன; பிரித்துத் தைத்தார். அன்றிலிருந்து, ஒவ்வொரு பையும் முடிந்ததும், "நாலு" என்று உரக்கச் சொல்லும்படி இரஞ்சிதம் கட்டளையிட்டார். கொட்டகை முழுவதும் நாலு, நாலு என்று ஒலித்துக்கொண்டே இருந்தது. சிவதர்சினி அலுவலகம் முடிந்து வந்து, ஒவ்வொரு பையிலும் கைவிட்டுப் பார்த்தாள். இம்முறை தன்னுடைய பையை மேசைக்குக் கீழே, காலால் எட்டாத தூரத்தில் தள்ளி வைத்திருந்தாள்.

பதினெட்டாந் திகதி பைகள் கொழும்புக் களஞ்சியத்தை அடைந்தன. தொண்ணூறாம் நாளுக்கு ஒரு நாள் முந்தி. சிவதர்சினி மேசை நாட்காட்டியில் ஒட்டிய கடதாசியைக் கிழித்தெறிந்தாள். ஆனால், கையொப்பமிட வேண்டிய அதிகாரி விடுமுறையில் இருந்தார். தொண்ணூறாம் நாளான வியாழன் போனது; வெள்ளி, சனி, ஞாயிறு போயின. இருபத்துமூன்றாந் திகதி, திங்கட்கிழமை, ஏற்புச் சான்றிதழிற் கையொப்பம் விழுந்தது.

"பொருள் பதினெட்டாந் திகதியே வந்திட்டுது, சேர்" என்று அவள் முகாமையாளரிடம் மன்றாடினாள்.

அவர் சுற்றுநிருபத்தை அவள் பக்கம் திருப்பி, ஒரு வரியை விரலாற் காட்டினார். பொருள் வந்த திகதியைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. கையொப்பத் திகதிதான் கணக்கு. அவள் விலக்குக் கோரி மூன்று கடிதங்கள் எழுதினாள். இரண்டுக்குப் பதில் வரவில்லை. மூன்றாவதற்கு, முன்னைய இரண்டும் கிடைத்தன என்று பதில் வந்தது.

பொருள் நிராகரிப்பிலிருந்து தப்பியது, கடன் வட்டிச் சலுகையை இழந்தது. பத்தாம் நாள் கம்பனிக்குப் பணம் போனது. இரஞ்சிதத்துக்கு நூற்றிருபதாம் நாள் வரும்வரை, சாதாரண வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. பெண்களின் சம்பளத்தை அவர் ஒரு நாளும் பிந்தவிடவில்லை. தைமாதத்தில் இரண்டு இயந்திரங்களை விற்றார். வங்கியின் அனுமதிக் கடிதத்தைச் சிவதர்சினியே தட்டச்சுச் செய்தாள். ஒன்பது இயந்திரங்கள் மிஞ்சின. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு பேர் முறை வைத்துத் துணி மடித்தார்கள். சித்திரை முடிவிற் கம்பனியின் பணம் வந்தது. கடன் தீர்ந்தது.

வைகாசியில் இரண்டாவது கட்டளை வந்தது. அதே கம்பனி, அதே பை, அதே சுற்றுநிருபம். அந்த விண்ணப்பத்தோடு சிவதர்சினி பரந்தனுக்குப் போனாள். அவளுடைய கைப்பையில் வேறொரு கடிதமும் இருந்தது: வவுனியாக் கிளைக்கு இடமாற்றம், வருகிற முதலாந் திகதியிலிருந்து.

இரஞ்சிதம் விண்ணப்பத்தில் உடனே கையொப்பமிட்டார். வளையில் புதிய மாதிரி தொங்கியது. அதன் கீழே, றஸ்மியா தமிழில் எழுதி ஒட்டிய பதினான்கு பக்கங்களும் இருந்தன. அடித்துணி பற்றிய வரியைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தது. அதன்மேல் யாரும் கடதாசி ஒட்டியிருக்கவில்லை.

இடமாற்றத்தைப் பற்றிச் சொன்னபோது இரஞ்சிதம் கழுத்திலிருந்த அளவுநாடாவைச் சுருட்டினார், விரித்தார், மறுபடியும் சுருட்டினார்.

"வவுனியாவிலை பஸ் எல்லாம் வசதிதானே, பிள்ளை" என்றார். மிஸ் எப்போது பிள்ளை ஆனாள் என்று சிவதர்சினிக்கு நினைவில்லை.

"ஓம், அன்ரி."

வங்கியில் அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று அவள் வரும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்திருந்தாள். நான் பார்த்தேன், என் கை பட்டது, நான் பேசாமல் இருந்தேன் என்று. ஆனால், சொல்லாமலே எழும்பப் போனாள். இரஞ்சிதம் அவளை எழும்பவிடாமல் கையைப் பிடித்தார்.

"போறதுக்கு முன்னம் ஒண்டு கேக்கட்டோ?"

வட்டியைப் பற்றி இருக்கும். நூற்றிருபது நாளைக் குறைக்க யாருக்காவது எழுதச் சொல்வார் என்று சிவதர்சினி நினைத்தாள். "கேளுங்கோ, அன்ரி. ஏலுமெண்டால் செய்யிறன்."

"அண்டைக்கு, மழைக்குள்ளை, நீங்கள் அந்தப் பத்துப் பையுக்குள்ளையும் கை விட்டதை நான் பக்கத்திலை நிண்டு பாத்தனான். உங்களுக்கும் ஒண்டும் தோணேல்லை. எனக்கும் ஒண்டும் தோணேல்லை." அவர் சிவதர்சினியின் மடியிற் கிடந்த நீலப் பையை மெல்லத் தட்டினார். "உங்கடை இடத்துக்கு ஆர் வருகினமோ தெரியாது, பிள்ளை. ஆர் வந்தாலும், அவையிட்டை எங்கடை பை இருந்தால், இஞ்சை பாக்க வரேக்கை அதை வீட்டிலை வைச்சிட்டு வரச் சொல்லுங்கோ."